ஆட்டுக்குத் தண்ணீர் வைத்தீர்களா?

கால்நடை மருத்துவராக 31 வருடம் ஓட்டிவிட்டு ஓய்வில் இருக்கிறேன். அதில் சில வருடம் ஆட்டுத்தொட்டியில், அதாவது ஆடு வெட்டும் கூடத்தில், கறிக்கு முத்திரை குத்தும் வேலை. கறி தின்பது சரியா தவறா என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். நாய்க்கு வயிற்றுப்போக்கு என்பவர்கள் தயவுசெய்து பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள்.

கரூர்: ஐயா, நீங்கள் கறி சாப்பிடுவீர்களா?

சாப்பிடுவேன். ஆட்டுக்கறி, மாதம் ஒன்றிரண்டு முறை. பிராய்லரை விட்டுப் பத்து வருடமாகிறது. பண்ணைகளுக்குள் போய் வந்ததால் விட்டது, ருசிக்காக அல்ல.

விருதுநகர்: செடிக்கும் உயிர் உண்டு என்று ஜெகதீஷ் சந்திர போஸே காட்டிவிட்டார். கீரை தின்பவர் மட்டும் எப்படி உத்தமர்?

தொட்டால், சூடு பட்டால் செடியில் அசைவு உண்டாவதை அவர் கருவி வைத்துக் காட்டினார். வலியை உணர நரம்பும் மூளையும் வேண்டும். சரி, செடிக்கும் வலிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பிராய்லர் கோழி ஒரு கிலோ எடை ஏற ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தீவனம் தின்னும், பெரும்பாலும் மக்காச்சோளமும் சோயாவும். அந்த ஒரு கிலோவிலும் இறகு, குடல், எலும்பு போக மிச்சம்தான் கறி. அப்படியானால் அதிகச் செடியைக் கொல்பவர் கோழி தின்பவர்தான் தம்பி.

மதுரை, ஆசிரியை: நான் வெட்டவில்லை, தொங்குவதை வாங்குகிறேன். நான் வாங்காவிட்டாலும் அந்த ஆடு செத்ததுதானே?

அம்மா, இந்தக் கேள்வி உங்களுக்கு முன்பே வள்ளுவரிடம் போயிருக்கிறது. ‘தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும் விலைப்பொருட்டால் ஊன்தருவார் இல்.’ தின்பதற்காக உலகம் கொல்லாது என்றால், காசுக்காக இறைச்சி தருபவரும் இருக்கமாட்டார். பரிமேலழகர் உரை இன்னும் சுவாரசியம். கொலை முன்னால் நடந்தது, தின்பது பின்னால் நடப்பது, பின்னது முன்னதற்குக் காரணமாகாது என்று வாதிட்ட ஒருவனுக்கு இது பதில் என்கிறார். அச்சு அசலாக உங்கள் வாதம்தான்.

உரை வேண்டாம் என்றால் கறிக்கடைக்காரரைப் பாருங்கள். போன ஞாயிறு எத்தனை ஆடு ஓடியது என்று கணக்குப் பார்த்துத்தான் இந்த ஞாயிற்றுக்கு ஆடு பிடிப்பார். இன்று நீங்கள் வாங்கிய அரைக் கிலோ, அடுத்த வார ஆட்டுக்குக் கொடுத்த அச்சாரம்.

ஆம்பூர்: எந்த முறையில் வெட்டினால் வலி குறைவு? எங்கள் தெருவில் தினமும் இதே சண்டை.

கத்தி மொக்கையாக இருந்தால் எந்த முறையிலும் வலிதான். கழுத்தின் இரண்டு பக்க ரத்தக்குழாயும் ஒரே இழுப்பில் அறுந்தால் ஆடு சில நொடிகளில் நினைவிழக்கும். மாட்டுக்கு அதைவிட நேரமாகும். ஏனென்றால் அதற்குக் கழுத்தெலும்பு வழியாகவும் மூளைக்கு ரத்தம் போகும், அந்தக் குழாய் அறுபடுவதில்லை.

கடைசி நொடிக்கு இவ்வளவு சண்டை போடுகிறீர்கள், அதற்கு முந்தைய இரவை யாரும் கேட்பதில்லை. குட்டி யானை வண்டியில் நெருக்கி ஏற்றி, வந்து இறங்கியதும் அரைமுழக் கயிற்றில் கட்டி, விடிய விடியத் தண்ணீர் காட்டாமல் வைத்திருப்பார்கள். சதையின் சத்தெல்லாம் பயத்திலும் களைப்பிலும் கரைந்து, கறி கறுத்துப் பிசுபிசுக்கும், சீக்கிரம் கெடும். வெட்டுவதற்கு முன் தீவனத்தை நிறுத்தலாம். தண்ணீரை நிறுத்தாதீர்கள்.

நாமக்கல்: முட்டை சைவமா?

பண்ணை முட்டையில் கரு இல்லை, உயிரும் இல்லை. ஆனால் முட்டைக்கோழி இனத்தில் பொரிக்கும் சேவல் குஞ்சு முட்டையும் இடாது, கறியும் பிடிக்காது. பொரித்த நாளிலேயே அதன் கதை முடிந்துவிடும். ஜெர்மனி 2022 முதல் இதைத் தடைசெய்திருக்கிறது. உங்கள் ஊரில் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

திண்டுக்கல்: பிராய்லருக்கு ஊசி போட்டு வளர்க்கிறார்களாமே?

ஹார்மோன் ஊசியா? ஆயிரக்கணக்கான கோழிக்கு ஒவ்வொன்றாகப் பிடித்துப் போட எவனுக்குக் கட்டுப்படியாகும்? ஆறு வாரத்தில் இரண்டு கிலோ வருவது இனப்பெருக்கத் தேர்வாலும் தீவனத்தாலும். உடம்பு ஏறும் வேகத்துக்குக் கால் ஈடுகொடுக்காமல் நொண்டுவதுதான் நான் பார்த்த கொடுமை. பயப்பட வேண்டியது ஆன்டிபயாடிக்கைப் பார்த்து. கொலிஸ்டின் மருந்தை இறைச்சி விலங்குகளுக்குக் கொடுக்க 2019இல்தான் தடை வந்தது.

சேலம்: நாங்கள் சுத்த சைவம். பால், தயிர், நெய்யோடு சரி. எங்கள் கையில் ரத்தம் இல்லை அல்லவா?

இதற்குத்தான் காத்திருந்தேன். பசு சும்மா பால் கறக்காது, கன்று ஈன்றால்தான் கறக்கும். ஈனுவதில் பாதி காளைக்கன்று. அந்தக் காலத்தில் அது ஏருக்கும் வண்டிக்கும் ஆனது. இன்று டிராக்டர் வந்துவிட்டது. ஜெர்சி கலப்புக் காளைக்குத் திமிலும் இல்லை, வெயிலும் தாங்காது. நானே ஆயிரக்கணக்கில் சினை ஊசி போட்டிருக்கிறேன். கிடாரி என்றால் போனிலேயே சிரிப்பு கேட்கும். காளை என்றால், “காளைதான் சார்” என்று ஏதோ பரீட்சையில் தோற்ற குரல்.

ஒரு வீட்டில் அப்படிப் பிறந்த கன்று இருபதாவது நாள் செத்துப்போயிருந்தது. அடுத்த முறை போனபோது அதன் தோலில் வைக்கோல் திணித்து, குச்சிக்கால் வைத்து, பசுவின் முன்னால் நிறுத்தியிருந்தார்கள். பசு நக்கியது, பால் சுரந்தது. அந்தப் பாலில் எனக்கும் காபி கொடுத்தார்கள். குடித்தேன்.

எருமை இறைச்சி ஏற்றுமதியில் இந்தியா உலகில் முன்வரிசையில் இருக்கிறது. அந்த எருமைகள் பெரும்பாலும் பாலுக்காக வளர்த்துக் கழித்தவை.

கோவை: எங்கள் லட்சுமியைச் சாகும்வரை வைத்திருந்தோம். எல்லோரையும் சேர்த்துப் பேசாதீர்கள்!

கும்பிடுகிறேன். ஆனால் மாடு 20 வருடம்கூட வாழும். ஆறேழு ஈற்றுக்குப் பிறகு வறட்டு மாட்டுக்குத் தீனி போடும் வீடு உங்கள் தெருவில் எத்தனை? ‘அடிமாட்டு விலை’ என்று தினமும் பேசுகிறோமே, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

பெயர் போடாதவர்: சார் வேண்டுமென்றே சைவர்களைச் சீண்டுகிறார். பால் குடிப்பதும் கொலையும் ஒன்றா?

ஒன்றில்லை. கறிக்குக் கொலை நேரடி, பாலுக்குக் கொலை அடுத்த மாவட்டத்தில். தூரத்தைத்தான் சொன்னேன்.

உடுமலை, விவசாயி: வைக்கோல் விலை தெரியுமா உங்களுக்கெல்லாம்? காளைக்கன்றை வைத்து நான் என்ன செய்ய? பால் லிட்டருக்கு இரண்டு ரூபாய் ஏறினால் கொதிப்பீர்கள், நான் பொள்ளாச்சிச் சந்தைக்கு ஓட்டினால் பாவி!

மற்றவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். அண்ணே, கிடாரிக்கன்றே பத்தில் ஒன்பது பிறக்கும்படி பிரித்த சினை ஊசி இப்போது கிடைக்கிறது, உங்கள் மருந்தகத்தில் கேட்டுப் பாருங்கள். சந்தைக்கு ஓட்டத்தான் வேண்டும் என்றால் வண்டி ஏற்றும் முன் தண்ணீர் காட்டுங்கள்.

தேனி: செடிக்கும் உயிர் உண்டே?

மேலே.

அரியலூர்: செடி விஷயத்தில் உங்கள் பதில்…

மேலே, மேலே!

காரைக்குடி: கோழி ஊசி பற்றி ஒரு வீடியோ பார்த்தேன்.

பார்த்திருப்பீர்கள்.

ஓசூர்: ஆய்வகத்தில் வளர்க்கும் கறி வந்தால் பிரச்சினை தீருமா?

சிங்கப்பூர் 2020இல் விற்பனைக்கே அனுமதித்தது. நம் ஊர் விலைக்கு வரட்டும், பேசுவோம்.

சிவகங்கை: நாளை குலதெய்வத்துக்குக் கிடாவெட்டு. இப்போதே கோயிலில் கட்டிவிட்டோம். நாட்டுக்கோழியும் உண்டு. அதற்குக் குக்கரில் எத்தனை விசில்?

விசில் என் துறை இல்லை. வீட்டில் கேட்டதில், வெடைக்கோழிக்கு நாலு, கிழட்டுக்கோழி என்றால் கடவுள் விட்ட வழி. கிடா நிழலில் நிற்கிறதா? பக்கத்தில் வாளி இருக்கிறதா? போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள், காத்திருக்கிறேன்.