குரூப் போட்டோவுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

(பள்ளிக்கூடப் புகைப்படச் செலவு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, திண்டுக்கல் பக்கம் ஸ்டூடியோ நடத்தி ஓய்வுபெற்ற புகைப்படக்காரர் பதில் சொல்கிறார்.)

என் இரண்டு பிள்ளைகளும் தனியார் பள்ளியில் படிக்கிறார்கள். குரூப் போட்டோவுக்கு ஆளுக்கு 350 ரூபாய், தனிப் படத்துக்கு 200 ரூபாய் கொடுத்தனுப்பச் சொல்லி டைரியில் எழுதியிருக்கிறார்கள். இது நியாயமான விலையா? வாங்கித்தான் ஆக வேண்டுமா?
– வாசகி, விருதுநகர்

இரண்டு பிள்ளைக்கும் சேர்த்தால் 1,100 ரூபாய் ஆகிறது அம்மா. ஒரு கேஸ் சிலிண்டர் விலையைத் தாண்டிவிட்டது. நீங்கள் கேட்பது முழுக்க நியாயம்.

கணக்கைத் திறந்தே சொல்லிவிடுகிறேன். 40 பிள்ளைகள் உள்ள வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 8×12 அங்குல அளவில் ஒரு பிரிண்ட், மொத்தமாகக் கொடுத்தால் எங்கள் ஊர் கலர் லேபில் 50 ரூபாய்க்குள் முடிந்துவிடும். லேமினேஷனோ அட்டையோ போட இன்னொரு 20. ஆசிரியர்களுக்கான பிரதிகளையும் சேர்த்து 44 என்றால் 3,080 ரூபாய். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முகங்களைச் சரிபார்த்து, கீழே வரிசை வரிசையாகப் பெயர் அடிக்கிறவருக்கு வகுப்புக்கு 500. எடுக்கப் போகிற இரண்டு பேரின் அரை நாள் கூலியையும் வண்டிச் செலவையும் அன்று எடுக்கும் ஆறு வகுப்புகளுக்குப் பிரித்தால், வகுப்புக்கு இன்னொரு 500. மொத்தம் 4,080. ஒரு பிள்ளைக்கு 102 ரூபாய். ஸ்டூடியோக்காரர் வாடகையும் கரண்ட் பில்லும் கட்டி, தன் வீட்டுக்கும் ஏதாவது கொண்டுபோக வேண்டும். ஆகவே 150 ரூபாய் கௌரவமான விலை. பெரிய ஊராக இருந்து, அட்டையும் நன்றாக இருந்தால் 180 வரை கொடுக்கலாம்.

அப்படியானால் 350 எங்கிருந்து வந்தது? ஆர்டர் கேட்டுப் போகும்போது சில பள்ளிகளில் முதல் பேச்சே ‘பள்ளிக்கு என்ன செய்வீர்கள்?’ என்பதாக இருக்கும். அலுவலகத்தில் மாட்ட பெரிய பிரேம் இரண்டு, ஆண்டு விழாவை இலவசமாக எடுத்துத் தருவது, அதற்கும் மேல் ஒரு தொகை. ஸ்டூடியோக்காரர் இதைத் தன் பையிலிருந்து கொடுப்பதில்லை. அவ்வளவும் பிரிண்ட் விலையில் ஏறி உங்கள் வீட்டுக்கு வருகிறது. ஒரு காசும் கேட்காத தலைமையாசிரியர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பள்ளிகளில் விலை எப்போதுமே பாதிதான்.

கட்டாயம் என்று யாரும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை ஒழுங்குபடுத்த 2009ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கட்டணக் குழு நிர்ணயித்த தொகைக்கு மேல் பள்ளி வசூலிக்கக் கூடாது என்பதே அதன் சாரம். படம் என்பது விரும்பினால் வாங்குகிற பொருள். ‘எங்களுக்குத் தனிப் படம் வேண்டாம், குரூப் போட்டோ மட்டும் போதும்’ என்று அதே டைரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். மறுத்தால் நான்கைந்து பெற்றோர் சேர்ந்து முதல்வரைப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதலாம். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. பெற்றோர் விலை விவரம் கேட்கிறார்கள் என்று தெரிந்தாலே அடுத்த ஆண்டு விலை இறங்கிவிடும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். 60 ரூபாய்க்கு முடித்துத் தா என்று ஸ்டூடியோக்காரரை நெருக்காதீர்கள். நாற்பது பிள்ளைகளின் கண்ணும் ஒரே நேரத்தில் திறந்திருக்க வேண்டும். காலை வெயில் ஏறுவதற்கு முன் போக வேண்டும். வேப்பமர நிழல் என்றால் இலை வழியாக வரும் வெளிச்சம் முகத்தில் புள்ளி புள்ளியாக விழும், ஆகையால் கட்டடத்து நிழல் பார்த்து பெஞ்சு போட வேண்டும். உயரம் பார்த்து நிறுத்தி, அதே வரிசையில் பெயர் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு இனிஷியல் மாறினால்கூட அத்தனை பிரிண்டையும் திரும்பப் போட வேண்டும். விலையை அடிமாட்டுக்கு இறக்கினால் இந்தக் கவனம்தான் முதலில் போகும்.

பக்கத்து வீட்டுப் பையன் வாங்கிய குரூப் போட்டோவை செல்போனில் எடுத்து பிரிண்ட் போட்டுக்கொண்டால் தப்பா?
– வாசகர், அறந்தாங்கி

வீட்டு ஆல்பத்துக்கு ஒன்று போட்டுக்கொள்வதற்காக யாரும் உங்கள் மேல் வழக்குப் போடப்போவதில்லை. ஆனால் லேமினேஷன் மேல் டியூப்லைட் வெளிச்சம் அடித்து இரண்டு பிள்ளைகளின் முகம் வெள்ளையாகிவிடும். பின்வரிசை கலங்கிப்போகும். அதுவும் போக, அந்த பிரிண்ட் விற்று வரும் காசுதான் ஸ்டூடியோக்காரரின் கூலி.

இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. எடுப்பதற்கு முன்பே ‘பிரிண்ட் வேண்டாம், படத்தின் ஃபைல் மட்டும் என்ன விலை?’ என்று கேளுங்கள். 50 ரூபாய்க்குக் கொடுத்தால் அவருக்கும் நஷ்டமில்லை, உங்களுக்கும் லாபம். காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. ஆர்டர் கொடுத்தது பள்ளி என்பதால், பள்ளி வழியாகக் கேட்டால் ஃபைல் கிடைப்பது இன்னும் எளிது. வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், அதில் 8×12 போட முடியாது.

அப்பாவின் 1974ஆம் ஆண்டு எஸ்.எஸ்.எல்.சி. குரூப் போட்டோ மஞ்சளடித்து, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்து எடுத்துச் சரிசெய்ய எவ்வளவு ஆகும்?
– வாசகர், மன்னார்குடி

பிரிக்காதீர்கள்! முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கறுப்பு வெள்ளைத் தாளின் மேல் இருப்பது ஜெலட்டின். மழைக்காலத்து ஈரத்தில் அது இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகங்கள் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம், அல்லது இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்துப் படமெடுக்கலாம்.

மஞ்சள் வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் ஹைப்போ, அதாவது படம் தாளில் நிலைத்து நிற்கப் போடுகிற ரசாயனம். பிரிண்டை ஹைப்போவில் போட்டு எடுத்தபின் நிறையத் தண்ணீரில் நேரம் கொடுத்து அலச வேண்டும். நூறு பிரிண்ட் அவசரத்தில் அலசல் குறைந்தால் பல ஆண்டு கழித்து இப்படிக் காட்டும். அந்தக் காலத்துத் தாள் பலவும் நம் உதகையில் செய்தது. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்று 1960இல் மத்திய அரசு தொடங்கிய நிறுவனம், ‘இந்து’ (Indu) என்ற பெயரில் பிலிமும் தாளும் விற்றது. இருட்டறையில் சிவப்பு விளக்கடியில் அந்தத் தாளில் முகங்கள் ஒவ்வொன்றாக எழும்பி வருவதைப் பார்த்துத்தான் எனக்கு இந்தத் தொழில் மேல் ஆசையே வந்தது.

செலவு, எத்தனை முகத்தைச் சரிசெய்ய வேண்டும் என்பதைப் பொறுத்தது. அப்பாவின் முகத்தை மட்டும் முதலில் செய்து காட்டச் சொல்லுங்கள். இப்போது கம்ப்யூட்டரே கண், மூக்கைப் புதிதாகப் போட்டுக் கொடுக்கிறது. பளிச்சென்று இருக்கும், ஆனால் அப்பா ஜாடை இருக்காது. உங்கள் அத்தையிடமோ பெரியப்பாவிடமோ காட்டி, ஆமாம் இவன்தான் என்று அவர்கள் சொன்ன பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை நான். வகுப்பில் ஆறேழு பிள்ளைகளால் போட்டோவுக்குப் பணம் கொண்டுவர முடியவில்லை. அவர்களை என்ன செய்வது?
– ஆசிரியை, ஆத்தூர்

நிற்க வையுங்கள் டீச்சர். பணம் கொடுத்த பிள்ளைகளுக்கு நடுவே, உயரப்படி எந்த இடம் வருமோ அந்த இடத்தில்.

ஒரு பள்ளியில் பார்த்தேன். பத்தாம் வகுப்பு வரிசையாக நிற்கிறது. தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் ஒரு பெண் பிள்ளை எல்லாருடைய டிபன் பையையும் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவள் ஏன் அங்கே என்றேன். ‘அவங்க வீட்ல காசு குடுக்கல சார்’ என்று பிள்ளைகளே பதில் சொன்னார்கள், நேரம் என்ன என்று கேட்டால் சொல்வதுபோல. நான் கேமராவை மூடிவிட்டேன். வகுப்பாசிரியர் தயங்கினார். பிறகு அவரே போய்ப் பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவளைக் கூட்டிவந்து தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அதன் பிறகு எந்தப் பள்ளிக்குப் போனாலும் வருகைப் பதிவேட்டை வாங்கி, தலையை எண்ணிய பிறகுதான் எடுப்பேன். அன்று வராத பிள்ளையின் படத்தை மூலையில் வட்டமாக ஒட்டித் தருவதற்கும் தனிக் காசு வாங்கியதில்லை.

படத்தில் நிற்பது வேறு, பிரிண்ட் வாங்குவது வேறு. முதலில் எல்லாரையும் வைத்து எடுத்துவிடுங்கள். பணம் வசூலிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள், யார் கொடுத்தார்கள் என்று பலகையில் எழுதாதீர்கள். ஸ்டூடியோக்காரரிடம் விலை பேசும்போதே ‘வகுப்புக்கு ஐந்து பிரிண்ட் இலவசம்’ என்று கேளுங்கள். தாளும் அட்டையும் சேர்த்து அவருக்கு 350 ரூபாய்தான் கூடுதலாகும், மறுக்க மாட்டார். அலுவலகத்துக்குப் பெரிய பிரேம் கேட்கிற பள்ளி, அதற்குப் பதிலாக இதைக் கேட்கலாம். மீதி ஒன்றிரண்டுக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவிலோ பழைய மாணவர்களிடமோ சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்குக் கொடுக்கும்போதே, அதே உறையில் வைத்துக் கொடுங்கள். தனியாகக் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டாம்.

ஐ.டி. கார்டு, பஸ் பாஸ், உதவித்தொகை விண்ணப்பம், தேர்வுப் பட்டியல் என்று ஆண்டு முழுவதும் பாஸ்போர்ட் சைஸ் படம் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஸ்டூடியோ போய் மாளவில்லை.
– வாசகி, பரமக்குடி

ஜூன் மாதத்தில் சீருடையில் ஒருமுறை எடுங்கள், வெள்ளைப் பின்னணியில். ஒரு தாளில் எட்டுப் படம் வரும், இரண்டு தாள் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபைலையும் கேட்டு வாங்கி உங்கள் மெயிலுக்கே அனுப்பிவைத்துக்கொள்ளுங்கள். தீர்ந்துபோனால் எந்த ஊர் ஸ்டூடியோவிலும் பிரிண்ட் மட்டும் போட்டுக்கொள்ளலாம். எடுக்கும் கூலி மறுபடி கொடுக்க வேண்டியதில்லை. உறையின் மேல் பெயரையும் தேதியையும் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை என்றால் மட்டும், தேர்வுப் பட்டியலுக்கு என்ன அளவு கேட்கிறார்கள் என்று பள்ளியில் விசாரித்துவிட்டு எடுங்கள்.