நூடுல்ஸ் காத்திருக்காது

கேள்வி: வேலை விஷயமாகச் சீனாவின் குவாங்சோவுக்குப் போயிருந்தபோது, வடமேற்குச் சீன நகரமான லான்சோவின் நூடுல்ஸைக் கையால் இழுத்துச் செய்யும் கடைக்கு நண்பர் கூட்டிப்போனார். மாஸ்டர் மாவை இழுத்ததை வீடியோ எடுத்து, எல்லாருக்கும் அனுப்பிவிட்டுச் சாப்பிட்டால், நூடுல்ஸ் ஊறிப்போயிருந்தது. சூப்போ வெறும் தண்ணீர். இந்த இழுவையெல்லாம் கூட்டம் சேர்க்கும் வித்தைதானே? மிஷினில் பிழிந்தால் போதாதா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: ஊறவிட்டது நீங்கள்தான். மெல்லிய நூடுல்ஸ் கொதிநீரில் வேக ஒரு நிமிஷம்கூட ஆகாது. கிண்ணத்துக்கு வந்த பிறகும் சூட்டில் வெந்துகொண்டேதான் இருக்கும். தோசையைக் கல்லிலிருந்து எடுத்ததும் சாப்பிடத் தெரிந்தவருக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று வருத்தமாக இருக்கிறது.

வித்தை என்கிறீர்கள். கோதுமை மாவில் சாம்பல் உப்பு சேர்த்துப் பிசைகிறார்கள். அந்தக் காலத்தில் வறண்ட நிலத்துச் செடியை எரித்து எடுத்தது, இப்போது பொடியாகக் கிடைக்கிறது. நூடுல்ஸின் லேசான மஞ்சள் அதனால் வருவது. மாவை அறைந்து, முறுக்கி, இழுவை வந்ததும் ஒரு துண்டை எண்ணெய் தடவி உருட்டுவார் மாஸ்டர். இரண்டு முனையையும் பிடித்து, கை விரிய இழுத்து, மடித்து, மடிப்பில் விரலைக் கொடுத்து மறுபடி இழுப்பார். மடிப்புக்கு மடிப்பு இழை இரட்டிக்கும். எட்டாவது மடிப்பில் 256. ஒன்றும் அறுந்திருக்காது, ஒட்டியும் இருக்காது. பல்லில் படுகிற அந்த இழுவை மிஷினில் பிழிந்ததில் எனக்குக் கிடைத்ததே இல்லை.

சூப் தண்ணீர் மாதிரி தெரிய வேண்டும் என்றுதான் அவ்வளவு பாடுபடுகிறார்கள். லான்சோவில் ஒரு கிண்ணத்துக்கு ஐந்து லட்சணம் சொல்வார்கள்: சூப் தெளிவு, முள்ளங்கி வெள்ளை, மிளகாய் எண்ணெய் சிவப்பு, கொத்தமல்லியும் பூண்டுத் தாளும் பச்சை, நூடுல்ஸ் மஞ்சள். முதல் இடம் தெளிவுக்கு. மாட்டெலும்பையும் இறைச்சியையும் பட்டை, இஞ்சி, சிச்சுவான் மிளகோடு மணிக்கணக்கில் காய்ச்சி, திரளும் நுரையை விடாமல் வழித்தெடுக்க வேண்டும். மாவு கரைத்துக் கெட்டியாக்க யாராலும் முடியும். 1915இல் மா பாவ்ட்ஸு என்ற, ஹுய் என்னும் சீன முஸ்லிம் இனத்துச் சமையல்காரர் தொடங்கிவைத்த முறை இது என்பார்கள்.

சரி, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மற்ற ஊர்களில் 'லான்சோ' என்று பலகை மாட்டிய பல கடைகளை நடத்துவது பக்கத்து மாகாணமான சிங்ஹாய்க்காரர்கள். அதைத் தங்கள் ஊர்ச் சுவையாக லான்சோக்காரர்கள் ஏற்பதில்லை. உங்களுக்கு வந்த சூப் நிஜமாகவே சப்பென்று இருந்திருக்கலாம். லான்சோவில் இது காலைச் சாப்பாடு. பல கடைகள் மதியத்தோடு அடுப்பை அணைத்துவிடும்.

அடுத்த முறை தடிமனை நீங்களே கேட்டு வாங்குங்கள். முடி மாதிரி மெல்லியதிலிருந்து பெல்ட் அகலம் வரை இழுத்துத் தருவார்கள். மெல்லியது சீக்கிரம் ஊறும், கொஞ்சம் தடித்த 'எர் ஷி' கேளுங்கள். போனைப் பையில் வைத்துவிடுங்கள். மிளகாய் எண்ணெயைக் கலக்குவதற்கு முன் ஒரு வாய் சூப், அப்புறம் நூடுல்ஸ். உறிஞ்சும் சத்தம் வந்தால் வரட்டும், அங்கே யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.