வாங்குமுன் கேளுங்கள்: ஈரச் செருப்பும் அலுமினியப் பெடலும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காரை அலங்கரிப்பது பற்றியவை. 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அவ்வளவு காலம் புதிதாக ஒன்றும் வராத ஊரில், இருக்கிற காரையே சோடித்துப் பார்க்கும் ஆசை கூடியதில் வியப்பில்லை. ஆகவே இந்த வாரம் பெடலும் விளக்கும்.

கேள்வி: 1998ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக் ஒன்று வாங்கியிருக்கிறேன் அண்ணா. மெனுவல் கியர். பெடல் ரப்பர்கள் தேய்ந்து மொட்டையாகிவிட்டன. பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் அலுமினியப் பெடல் செட் காட்டினார்கள். எல்லாக் காருக்கும் பொருந்தும், பத்து நிமிடத்தில் மாட்டிவிடலாம் என்கிறார்கள். பார்க்க மிக அழகாக இருக்கிறது. வாங்கலாமா?
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: அலுமினியப் பெடல் வாங்கலாம் தம்பி. அந்தச் செட்டை வாங்க வேண்டாம்.

எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் பெடல் எந்தக் காரின் அளவுக்கும் வெட்டப்பட்டதாக இருக்காது. பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நான்கு மூலையிலும் சிறிய கொக்கிகள் இருக்கும். அவை பழைய பெடலின் விளிம்பைப் பிடித்துக்கொள்ள, ஒரு திருகாணி அவற்றை இறுக்கும். பத்து நிமிட வேலை என்பது இதுதான். பிரேக்கிலும் கிளச்சிலும் கால் நேராக அழுத்துவதால் இந்தப் பிடி ஓரளவு தாங்கும். அக்சிலரேட்டரில் நாம் குதிகாலைத் தரையில் ஊன்றிப் பாதத்தைச் சரித்துச் சரித்து மிதிக்கிறோம். தகடு கொஞ்சங் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே வரும்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். என் பழைய லான்சரில் இதே மாதிரி ஒரு செட்டை மாட்டி மூன்று மாதம் பெருமையாக ஓட்டினேன். ஒரு மாலை பொரளைச் சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தது. காலை எடுத்தேன், எஞ்சின் இரைச்சல் அடங்கவில்லை. குனிந்து பார்த்தால், அக்சிலரேட்டர் தகடு கால்வாசி திரும்பி, அதன் மூலை பிரேக் தகட்டின் விளிம்புக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டிருந்தது. கிளச்சை மிதித்துச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன். பின்னால் நின்ற பஸ் அடித்த ஹோர்ன் இன்னும் காதில் இருக்கிறது.

அப்படியானால் எதை வாங்குவது? திருகாணி போட்டுப் பூட்டும் வகை. உங்கள் காரில் பிரேக், கிளச் பெடல்களின் ரப்பர் உறையைக் கையாலேயே இழுத்துக் கழற்றலாம். உள்ளே இரும்புத் தகடு இருக்கும். அதில் துளையிட்டு, புதிய பெடலைத் திருகாணியால் பூட்டி, பின்னால் நைலோன் வளையம் வைத்த நட்டைப் போட வேண்டும். சாதாரண நட் அதிர்வில் தளரும். நைலோன் வைத்தது தளராது. கடையில் தரும் பைக்குள் எந்த நட் இருக்கிறது என்று திறந்து பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். துளையிடும் வேலையைக் கராஜ் பாஸிடம் (மெக்கானிக்கிடம்) விடுவது நல்லது. உங்கள் சிவிக்கில் அக்சிலரேட்டர் கேபிளால் இயங்குகிறது, கவலையில்லை. இலத்திரனியல் அக்சிலரேட்டர் உள்ள புதிய கார்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே பெடலும் சென்சரும் ஒரே பாகம், பெடல் பெரும்பாலும் பிளாஸ்டிக். அதில் துளையிடக் கூடாது.

இன்னொரு நல்ல வழியும் இருக்கிறது. தொழிற்சாலையிலேயே உலோகப் பெடலுடன் வந்த மாதிரிகளின் பெடல்கள், ஜப்பானில் வெட்டி இறக்கிய வாகனங்களிலிருந்து கழற்றப்பட்டு அதே பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். பழையதுதான், கீறலும் இருக்கும்; ஆனால் ரப்பர் உறை போலவே அளவாக ஏறி உட்காரும். உங்கள் காரின் பழைய ரப்பரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், கடையிலேயே ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், அங்கே எல்லாரும் கையில் ஏதோ ஓர் உடைந்த பாகத்துடன்தான் நிற்பார்கள்.

இனி, நீங்கள் கேட்காத கேள்வி. காரை எதைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறீர்கள்? அலுமினியப் பெடல் படத்தில் பந்தயச் சப்பாத்துடன் வரும். கொழும்பில் நம்மில் பாதிப்பேர் பாட்டா செருப்புடன்தான் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறோம். மே மாத மழையில் காலி வீதியில் தேங்கிய தண்ணீரைக் கடந்து வந்து காரில் ஏறினால், அந்தச் செருப்பின் அடி சவர்க்காரம் போட்ட தரை மாதிரி. ஆகவே கடைக்குப் போகும்போது ஒரு செருப்பை நனைத்துப் பொலித்தீன் பைக்குள் போட்டுக்கொண்டு போங்கள். பெடலை மேசையில் வைத்து, செருப்பின் அடியை அதன்மேல் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். வழுக்கினால் வைத்துவிட்டு வாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

வழுக்காமல் பிடிப்பது உலோகம் அல்ல, அதில் பதித்த ரப்பர்க் குமிழ்கள். குமிழ் தகட்டை விட உயர்ந்து நிற்க வேண்டும். கட்டைவிரலால் பின்னாலிருந்து தள்ளுங்கள். ‘பொக்’கென்று வெளியே வந்தால் காரிலும் ஒரு நாள் வரும். சில மலிவுப் பெடல்களில் குமிழே கிடையாது, துளைகள் மட்டும். சிலவற்றில் குமிழ் போலக் கறுப்பு வர்ணம்! ஒரு சின்னக் காந்தத்தையும் கொண்டுபோங்கள். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. நம் கடற்கரைக் காற்றில் துருவேற அதிக நாள் ஆகாது. பெட்டியில் அச்சிட்ட பெரிய பந்தயப் பெயர்களைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்தப் பெயர்களை யாரும் அச்சடிக்கலாம்.

பழையதைக் கழற்றுமுன் ஓர் அடிக்கோலை எடுத்து இரண்டு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: பிரேக்குக்கும் அக்சிலரேட்டருக்கும் இடையே உள்ள இடைவெளி; அவற்றுள் எது எவ்வளவு உயரம். புதியவை மாட்டிய பின்னும் அந்த அளவுகள் ஏறத்தாழ அப்படியே இருக்க வேண்டும். அகலமான தகடு இடைவெளியைத் தின்றுவிட்டால், அவசரத்தில் ஒரே பாதம் இரண்டையும் மிதிக்கும். பிறகு எஞ்சினை நிறுத்தி வைத்தபடியே மூன்று பெடலையும் அடிவரை இருபது தடவை மிதியுங்கள். கிளச் தகட்டின் கீழ் விளிம்பு கால்விரிப்பில் இடிக்கிறதா, அக்சிலரேட்டர் தானாக மேலே வருகிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

கால்விரிப்பைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2009 ஓகஸ்டில் கலிபோர்னியாவில் டொயோட்டா தயாரித்த ஒரு லெக்சஸ் கார் நிறுத்த முடியாமல் ஓடி நான்கு பேர் இறந்தார்கள். வேறு மாதிரிக் காருக்குரிய ரப்பர் விரிப்பு அதில் போடப்பட்டிருந்தது. அக்சிலரேட்டர் அதில் சிக்கிக்கொண்டது. அதன்பின் டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 38 இலட்சம் வாகனங்களைத் திருப்பி அழைத்தது. பெடல் நீண்டால் விரிப்பும் கொக்கியில் மாட்டி அசையாமல் இருக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு விரிப்புப் போடக் கூடாது.

கேள்வி: எங்கள் டொயோட்டா அக்குவாவில் கால் வைக்கும் இடத்துக்கு எல்.ஈ.டி. விளக்குப் பட்டி போட்டோம். ரிமோட்டில் நிறம் மாறும். பொருத்தி ஒரு வாரம்தான், காலையில் கார் எழும்பவில்லை. பெரிய பேட்டரி இருக்கும் ஹைபிரிட் கார் இப்படி ஆகுமா? பட்டி பழுதா, பொருத்தியவர் பிழையா?
– தெஹிவளை வாசகி

பதில்: பொருத்தியதில்தான் பிழை சகோதரி. ஹைபிரிட்டில் இரண்டு பேட்டரி. சக்கரத்தைச் சுழற்றும் பெரியது ஒன்று. கணினிகளுக்கும் விளக்குகளுக்கும் மின்சாரம் தரும் 12 வோல்ட் சிறியது ஒன்று. அந்தச் சிறியது இறங்கிவிட்டால் பெரியதை இணைக்கும் சுவிட்ச் விழாது. கார் ஓடத் தயார் என்று காட்டும் ‘ரெடி’ விளக்கும் வராது. சாதாரண காரின் பேட்டரியை விட அது அளவிலும் சின்னது.

கணக்கைப் பாருங்கள். கடைகளில் அதிகம் விற்கும் 5050 ரகப் பட்டியில் மீட்டருக்கு 60 விளக்கு இருந்தால், முழு வெளிச்சத்தில் ஒரு மீட்டர் ஏறத்தாழ 14 வோட் எடுக்கும், அதாவது 1.2 அம்பியர். இரவு ஒன்பது முதல் காலை ஏழு வரை எரிந்தால் 12 அம்பியர்-மணி போய்விடும். விளக்கை ரிமோட்டில் அணைத்தாலும், ரிமோட்டின் கட்டளைக்காகக் காத்திருக்கும் பெட்டி தூங்குவதில்லை. சொட்டுச் சொட்டாக எடுத்துக்கொண்டே இருக்கும். உங்களுக்குப் பொருத்தியவர் எப்போதும் மின்சாரம் இருக்கும் வயரில் இணைத்திருக்கிறார். கார் அணைந்ததும் மின்சாரம் நிற்கும் பியூஸிலிருந்து எடுத்திருக்க வேண்டும்.

அதைச் செய்ய ஒரு சிறிய பாகம் விற்கிறார்கள்: பியூஸ் இருக்கும் இடத்தில் செருகி, பழைய பியூஸையும் புதிய பியூஸையும் ஒன்றாகத் தாங்கும் கவ்வி. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் தேடலாம். பியூஸ்களில் பல அளவு உண்டு. உங்கள் காரின் பியூஸ் ஒன்றைக் கழற்றிக்கொண்டு போங்கள். ஒரு மீட்டர் பட்டிக்கு 2 அம்பியர் பியூஸ் போதும். சிலர் ‘எரியாமல் இருக்கட்டும்’ என்று 10, 15 போடுகிறார்கள். பியூஸ் எரியாது, வயர் எரியும்.

பட்டி வாங்கும்போது இதையும் கேளுங்கள். 12 வோல்ட் என்று எழுதியிருந்தாலும், ஓடும் காரில் வருவது 14 வோல்ட்டுக்குக் கிட்ட. வீட்டு அலங்காரத்துக்கான மலிவுப் பட்டி அந்த மேலதிக இரண்டு வோல்ட்டில் சூடாகி, சில மாதத்தில் மூன்று மூன்று விளக்காகக் கண்ணை மூடும். மூன்றாக ஏன் என்றால், அவை மூன்று மூன்றாகவே கோக்கப்பட்டிருக்கும். வாகனத்துக்கென்று விற்பதையே வாங்குங்கள். ஒட்டும் பசையை நம்ப வேண்டாம். காலிமுகத்திடலில் நண்பகலில் இரண்டு மணி நேரம் நிறுத்திய காரில் பசை இளகும். பட்டி தொங்கி வந்து பெடலைச் சுற்றும். பிளாஸ்டிக் கட்டுநாடாவால் நான்கு இடத்தில் கட்டச் சொல்லுங்கள்.

மஞ்சள் உறை போட்ட வயர்களை எவரும் தொட விடக் கூடாது, அவை எயார்பேக்குடையவை. செம்மஞ்சள் நிறக் கேபிள் பெரிய பேட்டரியுடையது, அதன் பக்கமே போகக் கூடாது. முன்கண்ணாடிக்கு இருபுறமும் உள்ள தூண் உறைக்குள் பட்டியை ஓட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்: பல கார்களில் அங்கேயும் எயார்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

கேள்வி: உள்ளே எந்த நிறம் நல்லது?
– கொள்ளுப்பிட்டி வாசகர்

பதில்: மங்கலான சிவப்பு அல்லது செம்மஞ்சள். இருட்டுக்குப் பழகிய கண்ணை அவை அதிகம் கலைப்பதில்லை. நீலமும் பளீர் வெள்ளையும் கலைத்துவிடும். நிறத்தை விட முக்கியம், ஆசனத்தில் உட்கார்ந்திருக்கும்போது விளக்கின் புள்ளி கண்ணில் படக் கூடாது, வெளிச்சம் மட்டும் படலாம். முன்கண்ணாடியில் பிம்பம் தெரிந்தால் இடத்தை மாற்றுங்கள்.

கேள்வி: என் மகன் காருக்குள் சிவப்பும் நீலமும் மாறி மாறிச் சிமிட்டும் விளக்குப் போட்டிருக்கிறான். பொலிஸ் பிடிக்குமா ஐயா?
– கொட்டாஞ்சேனை, ஒரு தாய்

பதில்: பிடித்தால் நான் பொலிஸின் பக்கம் அம்மா. சிவப்பும் நீலமும் சிமிட்டினால் தூரத்தில் வருபவர் அம்புலன்ஸ் அல்லது பொலிஸ் வாகனம் என்றுதான் நினைப்பார். 2025 ஜனவரியில் அரசாங்கத்தின் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தின் கீழ் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டியவற்றைப் பொலிஸார் கழற்றச் சொன்னதைப் பார்த்திருப்பீர்கள். சிமிட்டுவதை நிறுத்தி, வெளியே தெரியாத இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். வயரிங்கில் கை வைத்ததைச் சொல்லாமல் விட்டால், தீப்பற்றிய அன்று அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

கேள்வி: வாங்கிய பெடல் என் காருக்குப் பொருந்தவில்லை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பற்றுச்சீட்டில் இருப்பதைக் காட்டுகிறார்கள். என்ன செய்வது?
– தெமட்டகொடை வாசகர்

பதில்: பற்றுச்சீட்டில் வேறென்ன எழுதியிருக்கிறது? ‘பெடல் செட் 1’ என்று மட்டும் இருந்தால் உங்கள் வாதம் மெலிந்துவிடும். காரின் பெயரும் ஆண்டும் எழுதப்பட்டிருந்தால், அந்தக் காருக்குப் பொருந்தும் என்று கடைக்காரரே கையெழுத்திட்டு உறுதி தந்ததாக வாதாடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்ப இல்லாத பொருளைப் பற்றி முறையிடலாம். விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள், எழுத்தில். அலுவலகம் கொழும்பு 2, வொக்ஸோல் வீதியில், தொலைபேசி 1977. அதற்கு முன், கடைக்கு ஒரு தடவை போய் ‘1977’ என்று சொல்லிப் பாருங்கள். பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: பெடல் மாற்ற இவ்வளவு சிரமமா? வேறு வழியே இல்லையா?
– பம்பலப்பிட்டி வாசகர்

பதில்: இருக்கிறது. உங்கள் காருக்குரிய புதிய ரப்பர் உறை. அலுமினியத்தை விட மலிவு, விரலால் இழுத்து மாட்டலாம், ஈரச் செருப்பையும் பிடிக்கும். பொரளைச் சந்திக்குப் பிறகு என் லான்சரில் இருந்தது அதுதான். படம் எடுத்துப் போட ஒன்றும் இல்லை.