கோதையாற்று மலையிடுக்கு: கேட்டதும் சொன்னதும்

கன்னியாகுமரி மாவட்டத்துக் கோதையாறு மேற்குமலையிலிருந்து இறங்கிப் பேச்சிப்பாறை அணையில் தேங்குகிறது. அணைக்குக் கீழே மறுபடி ஆறாகி, திற்பரப்பில் பாறை விளிம்பைத் தாண்டி விழுகிறது. பிறகு மூவாற்றுமுகத்தில் பரளியாற்றோடு சேர்ந்து, குழித்துறை வழியாகத் தேங்காய்பட்டணத்தில் கடலுக்குப் போகிறது. இந்த ஆற்றின் இடுக்குகள், கயங்கள், கரைகள், அவற்றைக் காப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

அருமனை, பள்ளி ஆசிரியை: மான்டிநீக்ரோ நாட்டில் தாரா ஆறு 1,300 மீட்டர் ஆழத்துக்கு மலையை வெட்டியிருக்கிறது என்று பாடம் நடத்தினால், "நம்ம ஆறு ஏன் டீச்சர் அப்படி வெட்டல?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். என்ன சொல்லட்டும்?

பாறையைக் காரணம் சொல்லுங்கள் டீச்சர். தாரா ஓடுவது பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையில். மழைநீரில் கரைந்த கரியமில வாயு அதை லேசான அமிலமாக்குகிறது. சுண்ணாம்பு அதில் கரையும். விரிசல் அகன்று தண்ணீர் நேராகக் கீழே இறங்கும். பக்கச் சுவர் செங்குத்தாக நிற்கும்.

நம் மாவட்டத்து மலை சார்னோக்கைட், கார்னெட் கலந்த நைஸ் என்ற கெட்டிப் பாறைகளால் ஆனது. இவை தண்ணீரில் கரையாது. ஆற்றுக்குக் கிடைப்பது பாறையில் ஏற்கெனவே இருக்கிற விரிசல்தான். அதனால் விரிசல் போகிற திசையில் ஆறு வளைகிறது. விரிசல் நெருக்கமாக உள்ள இடத்தில் பாறை பெயர்ந்து குறுகிய இடுக்காகிறது, விரிசல் இல்லாத இடத்தில் படியாக நின்று அருவியாகிறது. ஒவ்வொரு படியின் காலடியிலும் ஒரு கயம். இரண்டு பருவமழையும் வெயிலும் சேர்ந்து சரிவுப் பாறையைச் செம்மண்ணாக்குவதால் அதன்மேல் காடு மூடிக்கொள்கிறது. நம்முடைய இடுக்கு வெறும் சுவராகக் கண்ணில் படாததற்கு அதுதான் காரணம்.

சார்னோக்கைட் என்ற பெயர் கல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லால் வந்தது. சென்னை பரங்கிமலையில் அந்தப் பாறையைத் தேசிய புவியியல் நினைவுச்சின்னமாகவே அறிவித்திருக்கிறார்கள். பிள்ளைகளிடம் இதையும் சொல்லலாம்.

குலசேகரம்: திற்பரப்பு அருவிக்கு மேலே பாறையில் உரல் மாதிரி வட்டக்குழிகள் இருக்கின்றன. யாரோ செதுக்கியது என்று சிலர் சாதிக்கிறார்கள்.

செதுக்கியது ஆறு. பாறையில் சின்னப் பள்ளம் இருந்தால் அதன்மேல் ஓடும் தண்ணீர் சுழலும். சுழலில் ஒரு கல் மாட்டிக்கொண்டால் அது வெளியேற வழியில்லாமல் சுற்றிச் சுற்றி அரைக்கும். அந்தக் கல் தேய்ந்து போனால் அடுத்த வெள்ளம் இன்னொன்றைக் கொண்டுவந்து போடும். செதுக்கிய உரலுக்கும் இதற்கும் வித்தியாசம் உள்சுவரில் தெரியும். உளி பட்ட குழியில் கொத்துத் தடம் இருக்கும். ஆற்றுக் குழியின் உள்பக்கம் வழுவழுப்பாக, சில இடத்தில் திருகாணி மறை மாதிரி சுற்றுவரியோடு இருக்கும். வாயைவிட வயிறு அகன்றிருப்பதும் உண்டு.

கோடையில் வறண்ட குழி ஒன்றின் அடியிலிருந்து ஒரு பிடி மணலை உள்ளங்கையில் விரித்து வெயிலில் பாருங்கள். வெள்ளையாகக் கண்ணாடித் துண்டு போல இருப்பது குவார்ட்ஸ். இடையிடையே மாதுளை முத்து நிறத்தில் மின்னுவது கார்னெட். உப்புத்தாள் செய்யப் பயன்படுகிற அளவுக்குக் கடினமானது. பாறையே தன்னை அரைக்கும் பொடியை உள்ளே வைத்திருக்கிறது. கன்னியாகுமரிக் கடற்கரையின் சிவப்பு மணலும் இதே கார்னெட்தான். பார்த்துவிட்டு அந்தக் குழியிலேயே போட்டுவிடுங்கள். கல்லையும் மணலையும் வெளியே எடுத்தால் அடுத்த மழையில் அரைக்க ஒன்றும் இருக்காது.

தக்கலை: உருண்டைக் கல் நாலைந்து மீன்தொட்டிக்கு எடுத்தால் என்ன கெட்டுவிடும்?

கன்னியாகுமரி வன உயிரின சரணாலய எல்லைக்குள் என்றால் அது குற்றம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 29ஆம் பிரிவு உயிரினங்களின் வாழிடத்தைச் சிதைப்பதைத் தடுக்கிறது.

சட்டத்தை விடவும் கல்லுக்கு அடியில் இருப்பதைப் பாருங்கள். ஓடைக்கல்லுக்குக் கீழே தட்டான்பூச்சியின் குஞ்சுகள், பாறையோடு ஒட்டி நிற்கும் சிறுமீன்கள், தவளை முட்டைகள். 2014இல் தவளை ஆய்வாளர் எஸ்.டி. பிஜு குழுவினர் மேற்குத்தொடர்ச்சி மலையிலிருந்து 14 புதிய நடனத் தவளை இனங்களை விவரித்தார்கள். அவற்றில் ஒன்றின் அறிவியல் பெயர் மைக்ரிக்சாலஸ் கோடயாரி, நம் கோதையாற்றின் பெயர். இந்த வகைத் தவளையில் ஆண் பின்காலை நீட்டி விரலை விரித்துக் காட்டும், பெண் ஓடையின் ஆழமில்லாத இடத்தில் முட்டையிட்டுக் கூழாங்கல்லால் மூடும். எடுக்கிற நாலு கல்லில் ஒன்று அந்த மூடியாக இருக்கலாம்.

நாகர்கோவில்: ஊரில் வெயில் அடிக்கிறது, திற்பரப்பில் குளிக்கத் தடை என்கிறார்கள். ஏன்?

மழை மலையில் பெய்திருக்கும், அல்லது பேச்சிப்பாறையில் மறுகால் திறந்திருப்பார்கள். அணையின் முழு நீர்மட்டம் 48 அடி. நாளிதழில் வரும் நீர்மட்டம் 42 அடியைத் தாண்டி, உள்வரத்தும் கூடினால் எந்நேரமும் உபரிநீர் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீர் நேராகத் திற்பரப்புக்குத்தான் வரும். நாளிதழில் போட்டிருக்கும் "கன அடி" என்பது நொடிக்கு 28.3 லிட்டர். ஆயிரம் கன அடி திறந்தால் 12,000 லிட்டர் லாரி இரண்டுக்கும் மேல், ஒவ்வொரு நொடியும்.

பூதப்பாண்டி, கல்லூரி மாணவர்: அண்ணே, காளிகேசம் பக்கம் ஓடையில் இறங்குவோம். மலைவெள்ளம் வருவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

சில நிமிடம் முன்னால் முடியும் தம்பி, கவனம் இருந்தால். ஒரு சதுர கிலோமீட்டரில் 100 மி.மீ. மழை பெய்தால் விழுவது 10 கோடி லிட்டர். சரிவும் பாறையும் அதை நிறுத்தி வைக்காது. இடுக்கில் பரவ இடமும் இல்லை. அதனால் மட்டம்தான் உயரும்.

இறங்குவதற்கு முன்னால் தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே நிற்கும் ஒரு கல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். அது நனைய ஆரம்பித்தால் ஏறிவிட வேண்டும். தெளிந்த தண்ணீர் கட்டன்சாயா (பால் சேர்க்காத டீ) நிறத்துக்கு மாறுவது, சருகும் சுள்ளியும் நுரையும் சேர்ந்து வருவது, அருவிச் சத்தத்தோடு கல் உருளும் "தும் தும்" ஓசை கேட்பது, இதில் ஒன்று போதும். இரண்டாவதுக்குக் காத்திருக்க வேண்டாம். ஓடை வழியே கீழ்நோக்கி ஓடக்கூடாது. பக்கவாட்டில் கரை ஏற வேண்டும். செருப்பு, பை, வண்டி எல்லாம் அக்கரையில் இருந்தாலும் கடக்கக்கூடாது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்கால் அளவு போதும், ஆளைச் சாய்க்க.

தடுப்பணையின் காலடியிலும் அருவிக்கயத்திலும் இன்னொரு ஆபத்து. விழும் தண்ணீர் அடியில் போய் மேலே வந்து மறுபடி அணைப் பக்கமே சுருண்டு வரும். நீச்சல் தெரிந்தவரையும் அது விடாது. நுரைத் தண்ணீரில் காற்று கலந்திருப்பதால் உடல் மிதப்பதும் குறைவு. யாராவது மாட்டினால் பின்னால் குதிக்காதீர்கள். கயிறோ, மூடி இறுக்கிய காலி கேனோ எறியுங்கள், 112க்கு அழையுங்கள். கயிற்றை இடுப்பில் முடிச்சுப் போட்டு இறங்குவதும் கூடாது. கயிறு இழுபடும்போது தண்ணீர் ஆளை அடியில் அமுக்கிவிடும்.

களியல்: ஆற்றங்கரையில் எங்கள் விளை (தோட்டம்) இருக்கிறது. வருஷா வருஷம் கரை இடிகிறது. கல்கெட்டு கட்டலாமா?

முதலில் நில அளவை வரைபடத்தை வைத்து உங்கள் எல்லை எங்கே முடிகிறது, ஆற்றுப் புறம்போக்கு எங்கே தொடங்குகிறது என்று அளந்து பாருங்கள். புறம்போக்கில் அனுமதியில்லாமல் கட்டினால் இடிக்க வேண்டிவரும்.

சொந்த நிலத்துக்குள் என்றாலும் செங்குத்தான கல்கெட்டு இரண்டு வகையில் தோற்கும். ஒன்று, சுவரில் மோதிய தண்ணீர் கீழ்நோக்கித் திரும்பி அடித்தளத்து மண்ணைத் தோண்டும். அஸ்திவாரம் பாறையில் இல்லையென்றால் சுவர் முன்பக்கம் சாயும். இரண்டு, வெள்ளம் வடிந்த பிறகு சுவருக்குப் பின்னால் ஊறிய மண் தள்ளும். தண்ணீர் கசிந்து வெளியேறத் துளைக்குழாய் விடாத சுவர்கள் மழை விட்ட மறுநாள் விழுவது இதனால்தான். தப்பித்து நின்றாலும் உங்கள் கரையில் பட்ட வேகம் எதிர்க்கரைக்காரர் விளையை அரிக்கும்.

கரையைச் சாய்வாகச் சீவுங்கள், ஒரு அடி உயரத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு அடி கிடை வரும்படி. அடியில் தண்ணீர் தொடும் உயரம் வரை பெரிய கற்களைச் சிமெண்ட் இல்லாமல் அடுக்குங்கள். அந்தக் கல்லை ஆற்றிலிருந்து எடுக்காதீர்கள். அதற்கு மேலே வெட்டிவேர்: இலையை 20 செ.மீ. விட்டு வெட்டிய நாற்றுகளை 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில், சரிவுக்குக் குறுக்காக, வரிசைக்கு வரிசை ஒரு மீட்டர். பங்குனியில் முதல் கோடைமழை விழுந்ததும் நட்டால் இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழைக்குள் பிடித்துக்கொள்ளும். ரப்பர் நிழலில் வெட்டிவேர் தேறாது, அங்கே ஈற்றை (ஓடை மூங்கில்) வையுங்கள். மேல்விளிம்பில் நீர்மருதும் புங்கும், மூன்று மீட்டருக்கு ஒன்று. நடுவில் முளைக்கும் ஆற்றுவஞ்சியைக் களை என்று பிடுங்காதீர்கள். வெள்ளத்தில் வளைந்து படுத்து மண்ணைப் பிடித்துக்கொள்கிற செடி அது.

மார்த்தாண்டம்: நம் காடு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா இல்லையா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

இரண்டு பட்டியலைக் குழப்பிக்கொள்கிறார்கள். 2012இல் உலகப் பாரம்பரியமாக அறிவித்தது மேற்குத்தொடர்ச்சி மலையின் 39 இடங்களை. அகத்தியமலைத் தொகுதியில் களக்காடு முண்டந்துறை, நெய்யாறு, பேப்பாறை, செந்துருணி முதலியவை உண்டு. கன்னியாகுமரி வன உயிரின சரணாலயம் அதில் இல்லை. ஆனால் நம் மலை அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தில் உள்ளது, அதை 2016இல் யுனெஸ்கோ தன் உலக வலையமைப்பில் சேர்த்தது. இந்த இரண்டு பெயர்ப் பலகையாலும் ஒரு மணல் லாரியைக்கூட நிறுத்த முடியாது. நிறுத்துவது சரணாலயம், காப்புக்காடு என்ற இந்தியச் சட்ட நிலைதான்.

குழித்துறை: மேலே இன்னும் ஒரு தடுப்பணை கட்டினால் இடுக்குக்கு என்ன ஆகும்? தண்ணீர் தேங்குவது நல்லதுதானே?

தேங்கும் இடத்துக்கு வேண்டுமானால் நல்லது. கீழே உள்ள இடுக்கு ஓட்டத்தை நம்பி இருக்கிறது. அணை மணலையும் கல்லையும் பிடித்துவைத்துக்கொண்டு வெறும் தண்ணீரை விடும். பசித்த தண்ணீர் கீழ்க்கரையை அரிக்கும், கழிமுகத்துக்கு மணல் குறையும். வேகநீரில் பாறையோடு ஒட்டி வளரும் பாசி போன்ற போடோஸ்டெமேசி குடும்பச் செடிகள் மழைக்காலம் முழுக்க நீருக்கடியில் வளர்ந்து, மட்டம் இறங்கும்போது பூத்து விதைவிடும். மட்டம் ஏறாமலோ இறங்காமலோ போனால் அந்தச் சுற்றே அறுந்துவிடும்.

தாரா பள்ளத்தாக்குக்கு ஆபத்து வந்ததும் அணையால்தான், அதுவும் வெளியிலிருந்து. அண்டை நாடான போஸ்னியாவில் டிரினா ஆற்றில் புக் பியெலா என்ற இடத்தில் அணை திட்டமிட்டார்கள். அதன் நீர்ப்பரப்பு பின்னேறித் தாராவின் ஒரு பகுதியை மூழ்கடித்திருக்கும். மக்கள் எதிர்ப்புக்குப் பிறகு 2004 டிசம்பரில் மான்டிநீக்ரோ நாடாளுமன்றம் தாரா ஆற்றைக் காக்கும் பிரகடனம் நிறைவேற்றியது. நம்மிடமும் திட்டம் வந்தால் "இடுக்குக்குள் கட்டவில்லையே" என்ற பதிலை ஏற்காதீர்கள். வறண்ட மாதங்களில் நொடிக்கு எத்தனை லிட்டர் கீழே விடுவார்கள், வண்டலை எப்படி வெளியேற்றுவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

கடையாலுமூடு, வார்டு உறுப்பினர்: உள்ளாட்சி என்ற வகையில் நாங்கள் என்ன செய்ய முடியும்?

நிறைய. 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். உங்களுடையது பெயரளவில் மட்டும் இருந்தால் முதலில் கூட்டத்தைக் கூட்டுங்கள். மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஆற்றுக்கென்று தனிப்பக்கம் போடுங்கள். கயத்தின் பெயர், அது எந்தப் பாலத்துக்கு எத்தனை மீட்டர் மேலே, கோடையில் ஆழம், கரை மரங்கள், மீன்களின் ஊர்ப்பெயர், வழிபாட்டிடம் உண்டா, கழிவு எங்கே கலக்கிறது. மாசியிலும் ஐப்பசியிலும் ஒரே இடத்தில் நின்று படமெடுங்கள். இரண்டாண்டுப் படம் கையில் இருந்தால் அரிப்பையும் ஆக்கிரமிப்பையும் யாரும் மறுக்க முடியாது.

அதே சட்டத்தின் 37ஆம் பிரிவில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்ற ஏற்பாடு உண்டு. தமிழ்நாட்டில் முதலில் அறிவித்தது மதுரை அரிட்டாபட்டியை, 2022இல். சரணாலயத்துக்கு வெளியே உள்ள பாறைக்கரைகளுக்கும் கயங்களுக்கும் இது பொருந்தும். மக்களின் வழக்கமான பயன்பாட்டை இது தடுக்காது. அதைத் தீர்மானத்திலேயே எழுதினால் விவசாயிகளின் பயம் போகும். தீர்மானத்தில் "ஆற்றைப் பாதுகாக்க வேண்டும்" என்று மொட்டையாக எழுதினால் கோப்பிலேயே கிடக்கும். புல எண், பரப்பு, எல்லை, காக்க வேண்டியவை, அச்சுறுத்தல் எல்லாம் வேண்டும்.

மலைமேல் காணி மக்கள் குடியிருப்புகளுக்கு இன்னும் வலுவான கருவி இருக்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, நீர்ப்பிடிப்பையும் நீர்நிலையையும் காக்கும் அதிகாரத்தை அவர்கள் கிராம சபைக்கே தருகிறது. அவர்களைக் கேட்காமல் உங்கள் பதிவேட்டை முடிக்காதீர்கள்.

தேங்காய்பட்டணம்: கோதையாறு மேல்பகுதிக்கு டிரோன் எடுத்துப் போகலாமா? கூடாரம் போடலாமா?

வன அலுவலரின் எழுத்து அனுமதி இல்லாமல் இரண்டும் கூடாது.

மாஞ்சாலுமூடு, ரப்பர் விவசாயி: இடவப்பாதிக்கு முன்னால் ரப்பருக்குத் துரிசு (தாமிர சல்பேட்) அடிக்கிறோம். தோட்டத்துக்குள் தோடு (சிற்றோடை) ஓடுகிறது. அடிக்காமலும் இருக்க முடியாது.

அடியுங்கள், இலையுதிர்வு நோய்க்கு அது வேண்டும்தான். ஆனால் தாமிரம் மீன்குஞ்சுக்கும் தவளைக்குஞ்சுக்கும் மிகக் குறைந்த அளவிலேயே விஷம். ஒரு சதவீத போர்டோ கலவைக்கு ஒரு கிலோ துரிசை 50 லிட்டரிலும், ஒரு கிலோ நல்ல சுண்ணாம்பை 50 லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து, துரிசுக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். பிளாஸ்டிக் டிரம்மில்தான், இரும்பில் வேண்டாம். தேய்த்த கத்தியை ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள். செம்புப் படலம் பிடித்தால் சுண்ணாம்பு போதவில்லை, தனித் தாமிரம் மிச்சமிருக்கிறது. படலம் வராத வரை சுண்ணாம்புப் பால் சேருங்கள். தோட்டின் இரு கரையிலும் பத்து மீட்டர் விட்டு அடியுங்கள், காற்று தோட்டுப் பக்கம் வீசும்போது நிறுத்துங்கள். டிரம்மையும் தெளிப்பானையும் தோட்டில் கழுவ வேண்டாம். கழுவிய தண்ணீரைத் தோட்டத்தின் மேட்டுப் பக்கத்தில் ஒரு குழி வெட்டி, கைநிறையச் சுண்ணாம்பு தூவி அதில் ஊற்றுங்கள்.