'பார்ல்' எத்தனை அசை?

கேள்வி: கனடா குடியேற்றத்துக்கான டெஃப் தேர்வுக்கு பிரெஞ்சு படிக்கிறேன். 'பேசு' என்று பொருள்படும் 'பார்லே' வினையின் படர்க்கைப் பன்மை, புத்தகத்தில் வரிக் கடைசியில் இரண்டாக உடைந்து அச்சாகியிருக்கிறது. நான் 'பார்லான்' என்று படித்தால், ஆசிரியர் 'பார்ல், ஒரே அசை' என்று திருத்துகிறார். எது சரி?

பதில்: ஆசிரியர் சொல்வதுதான் சரி. புத்தகத்திலும் தப்பில்லை. வரி மடக்கும்போது எழுத்தைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். பேச்சில் காதில் விழும் உயிரொலிகளைத்தான் எண்ண வேண்டும். பன்மை விகுதியான இ-என்-டி (ent) மூன்றெழுத்தும் அங்கே ஊமை. அதனால் நான், நீ, அவன், அவர்கள் எல்லாருக்கும் ஒரே 'பார்ல்'தான். நாம், நீங்கள் என்று வரும்போது மட்டும் 'பார்-லோன்', 'பார்-லே' என்று இரண்டு அசை. (அந்த 'ன்' வெறும் மூக்கொலி, நாக்கு மேலே தொடக் கூடாது.) இறந்தகால 'பார்லெ'யும் அப்படியே: பன்மையில் விகுதி ஐந்தெழுத்து, ஒலிப்பது ஒரே 'எ'.

உங்கள் 'ஆன்' எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. வினை அல்லாத சொற்களில் அதே மூன்றெழுத்து அப்படித்தான் ஒலிக்கும். 'மகிழ்ச்சியான' என்றால் 'கோந்தான்', இரண்டு அசை. ஓர் எழுத்துகூட மாறாமல் 'கதை சொல்கிறார்கள்' என்றால் 'கோந்த்', ஒரே அசை. எனவே முதலில் அது வினையா என்று பாருங்கள், அப்புறம் வாயைத் திறங்கள். வினையிலும் ஒரு பொறி உண்டு: 'வருகிறான்' என்பதற்கான 'வ்யேன்' அதே எழுத்துகளில்தான் முடிகிறது. ஆனால் அது ஒருமை, பன்மை விகுதி அல்ல. ஆகவே மூக்கொலி கேட்கும்.

நமக்கென்று இன்னொரு சிக்கல் இருக்கிறது. பஸ்ஸை 'பஸ்ஸு' என்று சொல்லிப் பழகிய நாக்கு 'பார்லு' என்றுதான் முடிக்கும். அந்தக் குட்டி உகரம் ஓர் அசையைக் கூட்டிவிடும். 'ல்'லிலேயே நிறுத்துங்கள்.

சரி, எல்லாம் ஒரே ஒலி என்றால் பன்மையை எப்படிக் கண்டுபிடிப்பது? 'பார்லே'யில் வாக்கியச் சூழல்தான் வழி. வினை உயிரில் தொடங்கினால், முன்னால் வரும் 'ஈல்' (அவன், அவர்கள்) என்ற சொல்லோடு சேரும் இணைப்பு காட்டிக்கொடுக்கும்: 'நேசிக்கிறான்' 'ஈ-லெம்', 'நேசிக்கிறார்கள்' 'ஈல்-ஸெம்' (அந்த 'ஸ' அதிர்வோடு). பால், ஆடை சேர்ந்து பாலாடை ஆவதுபோல மெய்யின் மேல் உயிர் ஏறுகிறது, நமக்கு இது புதிதில்லை. வேறு சில வினைகளில் கடைசி மெய்யே சொல்லிவிடும். 'கிளம்புகிறான்' 'பார்', 'கிளம்புகிறார்கள்' 'பார்த்'. 'முடிக்கிறான்' 'ஃபினி', 'முடிக்கிறார்கள்' 'ஃபினிஸ்'.

எதிர்காலத்தில்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும். 'கொடுப்பேன்' எழுத்தில் மூன்று துண்டு, சாதாரணப் பேச்சில் 'தொன்-ரே' என்று இரண்டே அசை. 'பேசுவேன்' மட்டும் 'பார்-லெ-ரே'. நடு 'எ'யை விழுங்கினால் ர், ல், ர் என மூன்று மெய் மோதும், அதனால் அது பிழைத்துக்கொள்கிறது.

பிரெஞ்சுப் பாட்டு கேட்டுப் பழகுபவராக இருந்தால் ஓர் எச்சரிக்கை: பாட்டில் மெட்டுக்காக ஊமை 'எ' வாய் திறக்கும். மார்செய், துலூஸ் பக்கத்துத் தெற்கத்திப் பேச்சிலும் அது கேட்கும். தப்பு இல்லை, ஆனால் தேர்வுக்குப் பழக வேண்டியது அது அல்ல. சந்தேகம் வந்தால் பிரெஞ்சு விக்சனரியில் வினைத்திரிபு அட்டவணையைத் திறங்கள். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒலிக்குறியீடு உண்டு, அசைக்கு அசை நடுவில் புள்ளியும் இருக்கும்.