60 எப்படி 15360 ஆனது? நெட்வொர்க் கார்டின் உள் அமைப்பைப் பைத்தானில் படிக்கும்போது

கேள்வி: ஐயா, ஒரு சிறிய நிறுவனத்தில் சர்வர்களைப் பராமரிக்கிறேன். ஒரு சர்வரில் உள்ள இன்டெல் 82574எல் நெட்வொர்க் கார்டு அவ்வப்போது பாக்கெட்டுகளைத் தவறவிடுகிறது. காரணம் அறிய, அதே இயந்திரத்தில் சும்மா கிடந்த இரண்டாவது 82574எல் கார்டை லினக்ஸ் டிரைவரிடமிருந்து விடுவித்து, விஎஃப்ஐஓ (சாதனத்தைச் சாதாரண நிரலே கையாள விடும் லினக்ஸ் வசதி) வழியாக அதன் டிஸ்கிரிப்டர் வளையத்தை (வரும் பாக்கெட்டுகளைப் பற்றிய குறிப்புகளின் வரிசை) நானே அமைத்து, நினைவக பைட்டுகளை நேரடியாகப் படிக்க உதவும் பைத்தானின் சிடைப்ஸ் நூலகத்தால் படித்துப் பார்த்தேன். பாக்கெட் வந்துவிட்டது என்ற அடையாளம் சரியாகத் தெரிகிறது. ஆனால் 60 பைட் பாக்கெட்டின் நீளம் 15360 என்று வருகிறது. முதல் கார்டின் இழப்பு ரெஜிஸ்டரையும் (தவறிய பாக்கெட்டுகளின் எண்ணிக்கையைக் கார்டு வைத்திருக்கும் இடம்) ஸ்கிரிப்டில் படித்தேன். முதலில் 37, உடனே மறுபடி படித்தால் 0. இதெல்லாம் பைத்தானில் நடக்கவே நடக்காது, எங்கள் கெர்னல் மாட்யூலை (லினக்ஸின் மையப் பகுதிக்குள் சேரும் நிரலை) வாங்குங்கள் என்கிறார் ஓர் ஆலோசகர். பெருந்தொகை கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுத்த எண்ணைப் பார்ப்போம்.

15360-ஐ 256-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியின்றி 60 வருகிறது. நீளம் என்பது இரண்டு பைட் எண். அந்த இரண்டு பைட்டுகளும் இடம் மாறினால் 60 என்பது 60 பெருக்கல் 256 ஆகிவிடும். கார்டில் பழுதில்லை, பைத்தானிலும் குறையில்லை. டிஸ்கிரிப்டரை விவரிக்கும் பைத்தான் வகுப்பை (கிளாஸ்) எழுதும்போது, பெரிய முனையை, அதாவது பெரிய மதிப்புள்ள பைட்டை, முதலில் வைக்கும் பிக்எண்டியன் ஸ்ட்ரக்சரை அடிப்படையாக எடுத்திருக்கிறீர்கள். அதைச் சிறிய முனையை முதலில் வைக்கும் லிட்டில்எண்டியன் ஸ்ட்ரக்சர் என்று மாற்றுங்கள். ஒரு சொல்தான்.

ஏன் அப்படி எழுதினீர்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. நெட்வொர்க்கில் எண்கள் பெரிய முனை முதலில் வரும் என்று எல்லாப் பாடப்புத்தகங்களும் சொல்கின்றன. அது உண்மைதான்; ஆனால் பாக்கெட்டுக்குள் இருக்கும் எண்களுக்குத்தான் அந்த விதி. டிஸ்கிரிப்டர் பாக்கெட்டின் பகுதி அல்ல, கம்பி வழியாக வந்ததும் அல்ல. இங்கே ஒரு பாக்கெட்டை வைத்திருக்கிறேன், இதன் நீளம் இவ்வளவு என்று கார்டு உங்கள் நினைவகத்தில் எழுதி வைக்கும் சீட்டு அது. அந்தச் சீட்டை இன்டெல் கார்டுகள் சிறிய முனை முதலில் எழுதுகின்றன. கடிதத்துக்குள் இருக்கும் எழுத்து வேறு, உறையின் மேல் தபால்காரர் குறித்த எண் வேறு.

உங்களை ஏமாற்றியது, பாக்கெட் வந்ததைச் சொல்லும் நிலை பைட். அது ஒரே ஒரு பைட், திருப்பினாலும் அதுவேதான். அதனால் ‘முடிந்தது’ பிட் சரியாகத் தெரிந்தது, மற்றதும் சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பிவிட்டீர்கள். இன்னொன்றும் தெரிகிறது. பாக்கெட்டைக் கார்டு வைப்பதற்கு நீங்கள் ஒதுக்கிய நினைவகமான பஃபரின் முகவரியை அந்த வகுப்பின் வழியாக நீங்கள் எழுதவில்லை. தனியாகப் பேக் செய்து எழுதியிருக்க வேண்டும். அதே வகுப்பால் எழுதியிருந்தால் எட்டு பைட் முகவரி தலைகீழாகி, பாக்கெட்டைக் கார்டு வேறெங்கோ கொண்டுபோய்க் கொட்ட முயன்றிருக்கும். உங்கள் பஃபருக்கு எதுவும் வந்திருக்காது. விஎஃப்ஐஓவுக்குப் பின்னால் இருக்கும் ஐஓஎம்எம்யு (சாதனங்கள் நினைவகத்தில் எங்கே எழுதலாம் என்று காவல் காக்கும் வன்பொருள்) அந்த முயற்சியைத் தடுத்திருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆலோசகர் விஷயத்துக்கு வரும்போது இது தேவைப்படும்.

வளையத்தைப் பற்றிக் கொஞ்சம். பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலை போட்டு வைப்பது உங்கள் மென்பொருளின் வேலை. பரிமாறுவது கார்டின் வேலை. எந்த இலை வரை போட்டாயிற்று என்பதை வால் ரெஜிஸ்டரில் எழுதிச் சொல்கிறீர்கள். எந்த இலைக்கு அடுத்துப் பரிமாறப் போகிறது என்பதைத் தலை ரெஜிஸ்டரில் கார்டு வைத்திருக்கிறது. உங்கள் கார்டின் பழைய வகைச் சீட்டு ஒவ்வொன்றும் 16 பைட். முதல் எட்டு பைட் பஃபர் முகவரி. பிறகு இரண்டு பைட் நீளம், இரண்டு பைட் செக்சம் (தரவு சிதையவில்லையா என்று சரிபார்க்கும் எண்), ஒரு பைட் நிலை, ஒரு பைட் பிழை, கடைசி இரண்டு பைட் விலான் குறி (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பிரிவுகளாக்கும் எண்). வகுப்பை எழுதி முடித்தவுடன் அதன் அளவைக் கேட்டுப் பாருங்கள்; 16 இல்லையென்றால் மேலே போகாதீர்கள். முகவரிக்கு யுஇன்ட்64 என்று அளவைப் பெயரிலேயே சொல்லும் வகையையே எடுங்கள். ‘லாங்’ என்ற வகை 64 பிட் லினக்ஸில் எட்டு பைட், விண்டோஸில் நான்கு. பிட்டுகளைத் தனித்தனிப் புலங்களாகப் பிரிக்கும் வசதியைத் தொடாதீர்கள்; பைட்டை முழுதாகப் படித்து, வேண்டிய பிட்டை நீங்களே வடிகட்டுங்கள்.

உங்கள் கார்டுக்கான லினக்ஸின் இ1000இ டிரைவரிலிருந்து அமைப்பை நகலெடுத்து ஒட்டுகிறவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த டிரைவர் பயன்படுத்துவது நீட்டித்த வகைச் சீட்டு. அளவு அதே 16 பைட்தான், ஆனால் பொருள் வேறு. அதில் நீளம், பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால், 12-ஆவது பைட்டில் தொடங்குகிறது. கார்டு பதில் எழுதும்போது நீங்கள் கொடுத்த முகவரியின் மேலேயே எழுதிவிடும். ரீசெட் ஆன 82574 பழைய வகையில்தான் எழுந்திருக்கும். அதை மாற்றாமல் பழைய வகையையே வைத்திருங்கள்.

சிறிய முனை விதிக்கு ஒரு விலக்கு உண்டு. உங்கள் கார்டுக்கு அது இன்று தேவையில்லை. ஆனால் அடுத்த ஆண்டு புதிய கார்டு வாங்கி, இதே ஸ்கிரிப்டை அதன் மேல் ஓட்டுவீர்கள். அன்றைக்கு நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். இன்டெல் ஐ350, ஐ354, ஐ210, ஐ211 ஆகிய கார்டுகளில், பாக்கெட் கம்பியிலிருந்து வராமல் கார்டுக்குள்ளேயே சுற்றித் திரும்பி வந்தால், சீட்டில் உள்ள விலான் குறி மட்டும் பைட் இடம் மாறி நிற்கும். நீளம் ஒழுங்காக இருக்கும், செக்சம் ஒழுங்காக இருக்கும். விலான் குறி மட்டும் திரும்பியிருக்கும். அதுவும் சுற்றித் திரும்பிய பாக்கெட்டுக்கு மட்டும். வெளியிலிருந்து வந்த பாக்கெட்டில் அதே குறி நேராக இருக்கும். லினக்ஸின் ஐஜிபி டிரைவரில் இதற்கென்றே தனிக் கொடி வைத்து, சீட்டில் உள்ள ‘சுற்றித் திரும்பியது’ பிட்டைப் பார்த்துக் குறியைத் திருப்புகிறார்கள். மெய்நிகர் இயந்திரங்கள் ஒரே கார்டைப் பங்கிட்டு, தங்களுக்குள் பேசும்போது இது நடக்கும். விலான் 100 என்று போட்டவருக்கு 25600 என்று வரும். விலான் எண் 4094-ஐத் தாண்டவே முடியாது என்பதால் ஸ்கிரிப்ட் அதைக் குப்பை என்று தள்ளிவிடும். விலான் 257 என்றால் இன்னும் மோசம்: அதன் இரண்டு பைட்டுகளும் ஒன்றே, திருப்பினாலும் 257-தான். அந்த எண்ணை வைத்துச் சோதித்தவர் எல்லாம் சரி என்று சான்றிதழே கொடுத்துவிடுவார். ஆகவே சோதனைக்கு எப்போதும் இரு பைட்டும் வேறுபடும் எண்ணை எடுங்கள்.

இனி, சிடைப்ஸில் இரண்டு குழிகள். ஃப்ரம்பஃபர் என்ற வழி உண்டு, ஃப்ரம்பஃபர்காப்பி என்ற வழியும் உண்டு. இரண்டாவது, பெயர் சொல்வதுபோல, அந்தக் கணத்தின் நகல். நகலில் ‘முடிந்தது’ பிட் ஒருநாளும் மாறாது. ஸ்கிரிப்ட் முடிவின்றிக் காத்திருக்கும். இன்னொன்று, பஃபரின் ஆயுள். பைத்தான் தன் பொருள்களை யார் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருக்கும். யாரும் இல்லையென்றால் விடுவித்துவிடும். ஆனால் கார்டு பிடித்திருப்பது அந்தக் கணக்கில் வராது. அதற்குத் தெரிந்தது முகவரி மட்டும். ஒரு ஃபங்ஷனுக்குள் உருவாக்கிய பஃபரின் முகவரியைக் கார்டுக்குக் கொடுத்துவிட்டு ஃபங்ஷனிலிருந்து வெளியே வந்தால், அந்த இடத்தில் பைத்தான் வேறொரு பொருளை வைக்கும். கார்டு அதன் மேல் அடுத்த பாக்கெட்டை எழுதும். பிறகு ஸ்கிரிப்ட் தொடர்பே இல்லாத வரியில் விழும். இந்தத் தவற்றைத் தேடி நானே நாள்களை இழந்திருக்கிறேன். எம்மேப் (நினைவகத்தை மொத்தமாகக் கேட்டு வாங்கும் வசதி) கொண்டு ஒரே பெரிய பகுதியைத் தொடக்கத்தில் வாங்கி, கடைசிவரை பிடித்து வைத்திருங்கள். கார்டை ரீசெட் செய்த பிறகே அதை விடுங்கள்.

37 பிறகு 0 ஆனது பிழையல்ல. இந்தக் கார்டின் புள்ளிவிவர ரெஜிஸ்டர்களைப் படித்தாலே அவை பூஜ்ஜியம் ஆகிவிடும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ஆனால் நீங்கள் செய்ததில் ஒரு விபரீதம் இருக்கிறது. முதல் கார்டு இன்னும் லினக்ஸ் டிரைவரிடம் இருக்கிறது. டிரைவர் ஏறத்தாழ இரண்டு விநாடிக்கு ஒருமுறை அதே ரெஜிஸ்டரைப் படித்துத் தன் கணக்கில் கூட்டிக்கொள்கிறது. நடுவில் உங்கள் ஸ்கிரிப்ட் படித்து 37-ஐ எடுத்துக்கொண்டால் டிரைவரின் கணக்கில் அந்த 37 சேராது. அங்கே பாதி, இங்கே பாதி. இழப்பைக் கண்டுபிடிக்கப் போட்ட ஸ்கிரிப்டே இழப்பை மறைக்கிறது. நிறுத்திவிடுங்கள், இன்றைக்கே. டிரைவர் பிடித்திருக்கும் கார்டின் ரெஜிஸ்டரை வெளியிலிருந்து படிக்கக் கூடாது. கார்டு செயலியை ஏன் கூப்பிட்டது என்று சொல்லும் இடையூறு (இன்டரப்ட்) ரெஜிஸ்டருக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். அதையும் படித்தாலே அழியும். வேண்டிய எண்ணை, டிரைவரின் கணக்கைக் காட்டும் லினக்ஸ் கட்டளையான ஈத்டூலிடம் கேளுங்கள்.

இப்போது ஆலோசகர். பைத்தானில் நடக்கவே நடக்காது என்பது பொய். லுவா என்ற ஸ்கிரிப்ட் மொழியின் வேகமான வடிவமான லுவாஜிட்டில் எழுதப்பட்ட ஸ்னாப் என்ற நெட்வொர்க் மென்பொருள் 2012 முதல் இன்டெல் கார்டுகளின் டிஸ்கிரிப்டர்களை ஸ்கிரிப்ட் மொழியிலிருந்தே கையாள்கிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான இக்ஸி என்ற சிறு டிரைவரைப் பல மொழிகளில் எழுதிப் பார்த்தார்கள். பைத்தானும் அவற்றில் ஒன்று. வேகம் வராது என்பது உண்மை. ஒரு கிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய பாக்கெட்டுகள் நொடிக்குச் சுமார் 14.88 லட்சம் வரலாம். பைத்தான் அதற்கு ஈடுகொடுக்காது. நீங்கள் சாலைப் போக்குவரத்தை ஓட்டப் போவதில்லை, எட்டிப் பார்க்கப் போகிறீர்கள். அதற்குப் போதும்.

இப்படி விற்கப்படும் மாட்யூல்களில் சிலவற்றைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். நினைவகம் முழுவதையும் ஒரு கோப்பாகத் திறந்து எல்லோருக்கும் எழுத அனுமதி கொடுக்கும் நாற்பது வரிதான் ஒன்றில் இருந்தது. மூலநிரல் கொடுக்க மாட்டார்கள். கெர்னலின் உட்புற இடைமுகம் நிலையானது அல்ல என்று லினக்ஸ்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பெரிய புதுப்பிப்புக்கும் அவரிடமே திரும்பிப் போய்ப் பணம் கொடுக்க வேண்டியிருக்கும். சிலர் மாட்யூலே விற்பதில்லை. விஎஃப்ஐஓவின் ஐஓஎம்எம்யு இல்லாப் பயன்முறையை இயக்கிவிட்டுப் போகிறார்கள். அந்த அமைப்பின் பெயரிலேயே ‘அன்சேஃப்’ என்ற சொல் இருக்கிறது. கெர்னலும் தன் மேல் களங்கக் குறி போட்டுக்கொள்கிறது. தலைகீழான முகவரியை ஐஓஎம்எம்யு தடுக்கும் என்றேனே, அந்தக் காவல் இங்கே இருக்காது. உங்கள் ஸ்கிரிப்டின் ஓர் எழுத்துப் பிழை, தரவுத்தளத்தின் நினைவகத்தில் போய் எழுதும்.

எனக்குக் கோபம் வருவது விற்பவர் மேல் மட்டுமல்ல. நான் வேலை பார்த்த ஓரிடத்தில், சோதனை இயந்திரம் ஒன்றில் விஎஃப்ஐஓவுக்கு அனுமதி கேட்டு மூன்று மாதம் படிவம் நிரப்பினேன். பாதுகாப்புக் குழு மறுத்தது. அதே குழு, யாரோ கொண்டுவந்த மூலநிரலில்லாத மாட்யூலுக்கு ஒரே நாளில் கையெழுத்திட்டது. விலைப்பட்டியலும் முத்திரையும் இருந்தால் போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பாரில்லை. கார்டு வாங்கும்போதும் இப்படியே. 82574-க்கு இன்டெல் முழு விவர ஏட்டையும் வெளியிட்டிருக்கிறது; ஒவ்வொரு ரெஜிஸ்டருக்கும் விளக்கம் உண்டு. விவர ஏட்டைக் காட்ட மறுக்கும் நிறுவனத்தின் கார்டை வாங்கிவிட்டு, பிறகு இடைத்தரகரைத் தேடி ஓடும் வழக்கம் எப்போது ஒழியுமோ தெரியவில்லை. கொள்முதல் படிவத்தில் ‘விவர ஏடு பொதுவில் கிடைக்கிறதா’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் உண்மையான நோய்க்கு வருகிறேன். இ1000இ டிரைவர் இயல்பாகப் போடும் வளையத்தில் 256 சீட்டுகள்தான். 4096 வரை கூட்டலாம். ஈத்டூலின் சிறிய ஜி (-g) விருப்பம் இப்போதைய அளவைக் காட்டும், பெரிய ஜி (-G) விருப்பம் மாற்றும். 4096 சீட்டுகள் என்றால் சீட்டுகளுக்கே 64 கிலோபைட். இன்றைய சர்வருக்கு அது ஒன்றுமில்லை. மாற்றும்போது இணைப்பு ஒரு கணம் அறுபடும், ஆகவே இரவில் செய்யுங்கள். உங்கள் ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு ஒரு முழு நாள் விடுங்கள். பிறகு ஈத்டூலின் பெரிய எஸ் (-S) விருப்பத்தில் இரண்டு வரிகளைப் பாருங்கள்: ஒன்று தவறவிட்ட பாக்கெட்டுகள், மற்றது பஃபர் இல்லாத தருணங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால், இலை போடும் வேகம் போதவில்லை. சர்வரில் வேறென்ன ஓடுகிறது என்று பாருங்கள். பஃபர் எண் அசையாமல் தவறவிட்டது மட்டும் ஏறினால், கார்டை இயந்திரத்தோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையைச் சந்தேகியுங்கள். 82574-க்கு ஏஎஸ்பிஎம் என்ற மின்சிக்கன ஏற்பாட்டோடு பழைய பகை உண்டு. டிரைவரே அதை அணைக்கப் பார்க்கும், ஆனால் சில பயாஸ்கள் விட்டுக்கொடுக்காது. பயாஸில் நீங்களே அணைத்துவிட்டு இன்னொரு நாள் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அந்த இரண்டு எண்களையும் கெர்னல் பதிப்பையும் குறித்து எனக்கு எழுதுங்கள்.