மைக் ஒலிகளைச் சேர்த்துச் சரிசெய்யும் ஆடியோ மிக்சரில் கெயின் என்பது என்ன? அதுவும் வால்யூமும் ஒன்றுதானா?

மைக்கிலிருந்து வரும் மின்சாரம் மிகச் சிறியது, பெரும்பாலும் சில மில்லிவோல்ட்தான். மிக்சருக்குள் நுழைந்ததும் அதைப் பெருக்குவது கெயின். பெருக்கியதில் எவ்வளவு வெளியே போக வேண்டும் என்பதை மட்டுமே கீழே உள்ள ஃபேடர், அதாவது மேலும் கீழும் நகர்த்தும் வால்யூம் குமிழ், தீர்மானிக்கிறது.

கெயின் மிஞ்சினால் ஒலியலையின் உச்சி வெட்டுப்பட்டுக் கரகரக்கும். அப்புறம் ஃபேடரை இறக்கினாலும் கரகரப்பு சன்னமாகுமே தவிர, போகாது. வெளிச்சம் அதிகமாகி வெளுத்துப்போன புகைப்படத்தைப் பிறகு இருட்டாக்கினாலும் முகம் தெரியாதல்லவா, அதே கதைதான்.

பாடப்போகும் அதே சத்தத்தில் பாடிக்கொண்டே கெயினை ஏற்றுங்கள். சிவப்பு விளக்கு மினுக்கினால் கொஞ்சம் குறையுங்கள். ஸ்பீக்கரைக் கடைசியில் போட்டு, முதலில் அணையுங்கள். மாற்றிச் செய்தால் ‘டப்’ என்ற அதிர்வு அதைக் கெடுக்கலாம்.

சத்தம் போதாவிட்டால் பலர் கெயினைத்தான் திருகுகிறார்கள். சரியாக வைத்த கெயினைத் தொடாமல் ஃபேடரைத்தான் ஏற்ற வேண்டும்.